பொய் ஊசி போடத் தெரியாதவன்

மழைக்குப் பயந்து மருத்துவமனை வாசலுக்கு ஓடி வந்தவள், வெளியே வந்துகொண்டிருந்தவன் மீது நேராகப் போய் மோதினாள். அவள் கையிலிருந்த காகிதங்கள் சிதறின. குனிந்து பொறுக்கியவனின் கண்கள்... சாரல் ஈரத்தில் இன்னும் கறுத்திருந்தன. (கதையென்றால் கண்கள் அப்படித்தான் இருக்கும் என்பீர்கள். என்ன செய்ய, இவனுக்கு நிஜமாகவே அப்படி.)

தாளை நீட்டிய கை பாதியில் நின்றது.

"'அஜீரணத்துக்கு அக்குபங்சர்: ஆய்வு முடிவை நம்ப இயலாது.' ஓ... என் ஆய்வைச் சரிபாக்கற அந்தக் கணக்கு மேடம் நீங்கதானா? ஊசிக்காரன் நான்தான்!"

அவள் தாளை வாங்கிக்கொண்டாள். நாளை ஆய்வுக் குழுவுக்கு அவள் அறிக்கை போனால் இவனுடைய சிகிச்சை அறைக்குப் பூட்டு. அவன் வெறும் எண்ணாக இருந்தவரை எழுதுவது சுலபமாக இருந்தது.

"அம்பது பேருக்கு நிஜ ஊசி, அம்பது பேருக்குச் சும்மா தொட்டுட்டு வர்ற பொய் ஊசி. நிஜ ஊசிக்காரங்களுக்குத்தான் வயிறு சரியாச்சு. இதுல என்ன தப்பு?"

"யாருக்கு எதுன்னு அவங்களுக்குத் தெரியவே கூடாது. நமக்கு நிஜ ஊசின்னு தெரிஞ்சாலே பாதி வலி போயிடும்."

"நான் வாயே தொறக்கலையே!"

"தனக்கு எந்த ஊசின்னு நூறு பேர்ல எண்பத்திரண்டு பேர் சரியாச் சொல்லிட்டாங்க." நனைந்த தாளொன்றை உருவினாள். "பொய் ஊசி போட்டுக்கிட்ட ஒரு அம்மா எழுதியிருக்காங்க: 'தம்பி முகமே சொல்லிருச்சு. எனக்குப் போடறப்ப, பாவம், மன்னிப்புக் கேக்கற மாதிரியே இருந்தான்.'"

அவன் காதுவரை சிவந்தான்.

"என் மூஞ்சிக்காக என் பொழப்பையே மூடுவீங்களா? நல்லா இருங்க மேடம்!"

விடுவிடுவென்று மழையில் இறங்கிப் போய்விட்டான்.

அன்றிரவு கணினியில் அறிக்கையைத் திறந்தாள். எண்பத்திரண்டு... அந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? விரல் அழிக்கும் பொத்தான் மேல் போய் நின்றது. அழிக்கவில்லை. ஒரு வரி மட்டும் சேர்த்தாள்: 'ஊசி போடுபவரின் முகம் தெரியாதபடி திரை கட்டி, மீண்டும் ஆய்வு செய்க.'

மறுநாள் காலை அறிக்கையோடு அவள் போனபோது, குழு அறையிலிருந்து அவன் வெளியே வந்தான்.

"என் மூஞ்சி காட்டிக் குடுத்துருச்சுன்னு நானே சொல்லிட்டேன். வலியோட வர்றவங்களை ஏமாத்துறமேன்னு இருந்துச்சு... மறைக்க முடியல. என் மூஞ்சிக்குத் திரை கட்டி மறுபடி ஆய்வு பண்ணச் சொல்லிட்டாங்க. அது முடியறவரைக்கும் அறைக்குப் பூட்டு."

அவள் அறிக்கையைக் கீழே இறக்கினாள். "எம்மேல... கோபமா?"

"உங்களுக்குத்தான் எல்லாத்துக்கும் ஆதாரம் வேணுமே. இப்பத் திரையில்ல. பாருங்க."

பார்த்தாள். கோபத்தைத் தேடினாள்... அது இல்லை. இருந்தது வேறு. எண்பத்திரண்டு பேர் தேவையில்லை, கண்ணிருக்கிற யாருக்கும் தெரியும்.

"ஒரு முகத்தை மட்டும் வெச்சு முடிவு சொல்லக் கூடாது..." என்றாள்.

"அப்போ?"

"என் முகத்தையும் சேத்துக்கங்க."