உப்புக்கோடு

உடையார்கட்டுச் சந்தியில் இருந்து உள்ளே போகும் கிரவல் ஒழுங்கையில் சிவகரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பியபோது பின்னேரம் மூன்று மணி இருக்கும். சோளகக் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பனைகளில் காவோலைகள் ஓயாமல் உரசின. அந்தச் சத்தத்துக்குள் யாரோ பின்னால் நின்று கூப்பிடுவதுபோல இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் திரும்பிப் பார்த்தான். ஒழுங்கையில் ஒருவரும் இல்லை.

பிரேமிளாவின் வீடுதான் கடைசி. வீட்டுத்திட்டத்தில் கட்டி, இன்னும் பூசாத சுவர். விறாந்தையில் ஒரு தையல் மெசினும் இரண்டு கதிரைகளும் இருந்தன. அவள் அவனை இருக்கச் சொல்லவில்லை.

"போனில கதைச்சது நீங்கள்தானே?"

"ஓம் அக்கா. 'வெள்ளாப்பு' படத்து உடுப்பு..."

"தெரியும். எடுத்து வச்சிருக்கிறன். நில்லுங்கோ."

சிவகரன் கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் வரைபடம் கீறுபவன். நாற்பத்திரண்டு வயது. குடியில்லை, சிகரெட் இல்லை. அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம், படங்களில் நடித்தவர்கள் கமராவுக்கு முன் உடுத்திய உடுப்புகளைத் தேடிச் சேர்ப்பது. வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் எடுத்த எந்தப் படத்தையும் அவன் விட்டதில்லை. அதே மாதிரி இன்னொரு உடுப்பைக் கொடுத்தால் தொடவும் மாட்டான். திரையில் தெரிந்த அதே உடுப்பு, அதே கிழிசலோடும் கறையோடும் வேண்டும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, தையலை எண்ணி, 'இதுதான் அது' என்று உறுதியானால் அன்றைக்கு அவனுக்குச் சோறும் தேவையில்லை.

'வெள்ளாப்பு' முடியாத படம். 2017இல் உடையார்கட்டு வயல்வெளியில் பதினெட்டு நாள் எடுத்தார்கள்; உடுப்புகளுக்குப் பொறுப்பு பிரேமிளா. பிறகு நிறுத்திவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒருவர் கமரா பழுது என்றார், இன்னொருவர் தயாரிப்பாளரோடு சண்டை என்றார், வேறொருவர் நாயகி வினோஜாவுக்குச் சுகமில்லாமல் போனது என்றார். படத்தை இயக்கிய ஜனார்த்தனன் இப்போது மல்லாவியில் சீமெந்துக் கடை வைத்திருக்கிறான். எடுத்த துண்டுகள் எல்லாம் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, கேட்ட வாய் மூடமுதல் தூக்கிக் கொடுத்தான். "திருப்பித் தரத் தேவையில்லை அண்ணை" என்றான். சிவகரனுக்கு அது பெருந்தன்மையாகப் பட்டது.

பிரேமிளா ஒரு சொப்பிங் பையைக் கையை நீட்டிப் பிடித்தபடி கொண்டுவந்தாள், உடம்பில் முட்டாமல் மீன்பையைப் பிடிப்பதுபோல.

உள்ளே ஒரு பஞ்சாபி, பெண்கள் போடும் நீளச் சட்டை. கடுகு மஞ்சள் நிறம். இடக்கை முழங்கைக்கு மேலே கிழிந்து, பச்சை நூலால் தைத்திருந்தது. கீழ் விளிம்பைச் சுற்றி விரல் மொத்தத்துக்கு வெள்ளையாக ஒரு கோடு, உப்புப் பூத்ததுபோல. முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனான். சேற்று மணம் அடித்தது.

"நீங்களே தைச்சதோ அக்கா?"

"ஓம்." தையலைப் பார்க்காமலே, "நான்தான்" என்றாள்.

அவன் மோட்டார் சைக்கிளில் ஏறியபோது படலை வரைக்கும் வந்தாள்.

"தம்பி, வீட்டில பொம்பிளையள் இருக்கினமோ?"

"மனுசி இருக்கிறா. ஏன் அக்கா?"

காற்று வீட்டுக் கதவை அடித்துச் சாத்தியது. அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். சொல்ல வந்ததைச் சொல்லாமல், "கவனமாப் போங்கோ" என்று மட்டும் சொன்னாள்.

வீட்டில் ஓர் அறை முழுக்க உடுப்புகள்தான். மஞ்சள் பஞ்சாபியை ஓர் ஆளுயரப் பொம்மைக்குப் போட்டுவிட்டு, கணினியில் படத்துண்டு ஒன்றை ஓடவிட்டான். வினோஜா வயல் வரம்பில் நிற்கும் காட்சி. கையைப் பெருப்பித்துப் பார்த்தான். பச்சை நூலில் ஏழு தையல், ஏழாவது சரிவு. பொம்மையின் கையிலும் ஏழு, ஏழாவது சரிவு. சந்தோசத்தில் அறைக்குள்ளேயே இரண்டு சுற்று நடந்தான்.

காலையில் பொம்மையின் காலடியில் மணல் கிடந்தது. அள்ளினால் ஒரு சிரங்கை இருக்கும். சன்னலால் காற்று அள்ளிக்கொண்டு வந்தது என்று நினைத்துக் கூட்டினான். மறுநாளும் கிடந்தது. ஈரமாக.

அடுத்த மாதம் யாழ்ப்பாணத்தில் ஒரு கண்காட்சிக்கு உடுப்பின் படம் அனுப்பவேண்டியிருந்தது. பொம்மையில் அது சரியாக விழவில்லை. உயிருள்ள உடம்பில் விழுவதுபோல வராது. மனைவி நிசாந்தினியைக் கேட்டான்.

"உங்கட பொம்மையளுக்கு நான் ஒராள்தான் குறை" என்று சிரித்துக்கொண்டுதான் போட்டாள்.

பத்து நிமிடம்கூட இருக்காது. படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவளுடைய சிரிப்பு நின்றது.

"இஞ்சருங்கோ, இது ஈரமாக் கிடக்கு."

"காய்ஞ்சுதானே கிடந்தது?"

"இல்லை. காலெல்லாம் குளிருது. தண்ணிக்க நிக்கிற மாதிரி."

உடனே கழற்றிப்போட்டாள். பஞ்சாபி காய்ந்துதான் இருந்தது. ஆனால் அவளுடைய இரண்டு கணுக்கால்களையும் சுற்றி மெல்லிய வெள்ளைக்கோடு விழுந்திருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தாள். போகவில்லை.

அடுத்த நாள் கோடு முழங்காலில் நின்றது.

நிசாந்தினி அன்று முழுக்க நடந்துகொண்டே இருந்தாள். குசினிக்குப் போவாள், முன்வாசலுக்கு வருவாள், திரும்பவும் போவாள். நடை மாறியிருந்தது. ஒவ்வொரு காலையும் தூக்கித் தூக்கி, தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போவதுபோல வைத்தாள்.

"கொஞ்சம் இரு நிசா."

"இருக்கேலாது. இருந்தா மூழ்கிடுவன்."

வைத்தியரிடம் கூட்டிப்போனான். அவர் தோல் வருத்தம் என்று பூசும் மருந்து எழுதினார். வரிசையில் நிற்கும்போதும் அவள் நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்தாள். மூன்றாம் நாள் கோடு இடுப்பில் நின்றது. அவளுடைய தங்கை யதுர்ஷிகா பரந்தனில் இருந்து வந்து, கையைப் பிடித்துக்கொண்டு அவளோடேயே வீட்டுக்குள் நடந்தாள்.

சிவகரன் அறைக்குள் போய் எல்லாத் துண்டுகளையும் திகதி வாரியாக ஓடவிட்டான். இந்தமுறை அவன் தையலைப் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தான்.

முதல் நாள், விளிம்பில்.

ஆறாம் நாள், முழங்காலில்.

பதினோராம் நாள், இடுப்பில். கமராவுக்குப் பின்னால் ஜனார்த்தனன் கத்துவது கேட்டது. "அக்கா, நேற்று இந்தக் கறை இதில இல்லையே! காட்சி ஒட்டாது. தோய்ச்சுக் கொண்டு வாங்கோ." "நாலு தரம் தோய்ச்சிட்டன் தம்பி" என்று பிரேமிளாவின் குரல்.

பதினேழாம் நாள், நெஞ்சில்.

அந்தப் படத்தில் தண்ணீரில் இறங்கும் காட்சி ஒன்றுகூட இல்லை. எல்லாம் அறுவடை முடிந்து வெடித்துக் கிடந்த வயலில் எடுத்தவை.

பதினெட்டாம் நாள் துண்டு நாற்பது விநாடி. நல்ல வெயில். வினோஜா காய்ந்த வயலின் நடுவே நிற்கிறாள். வசனம் சொல்லவேண்டியவள் சொல்லவில்லை. மெல்ல நாடியை மேலே தூக்குகிறாள். இன்னும் தூக்குகிறாள். நுனிக்காலில் எம்புகிறாள். பிறகு விழுகிறாள். யாரோ ஓடிப்போய் அவளைப் புரட்ட, வாயில் இருந்து தண்ணீர் கொட்டுகிறது. வெடித்த மண் அதைக் குடிக்கிறது.

வெளியில் நிசாந்தினி இருமினாள்.

அவன் போய்ப் பார்த்தான். கோடு அவளுடைய கழுத்துக்குழிக்குக் கீழே நின்றது. அவள் நாடியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

பஞ்சாபியைப் பைக்குள் திணித்துக்கொண்டு உடையார்கட்டுக்குப் பறந்தான். பிரேமிளா படலையைத் திறக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றே அழுதாள்.

"இஞ்ச வைக்காதேங்கோ தம்பி. கும்பிட்டன்."

"இதைத் தைச்சது ஆர்? உண்மையைச் சொல்லுங்கோ."

"நான் தைக்கேல்ல." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "மீளக் குடியேறின புதுசில மாத்தளன் பக்கம் எங்கட சாமான் ஏதும் கிடைக்குமோ எண்டு தேடப் போனனான். அந்தக் கரையில, கண்டல் வேரில இது சிக்கிக் கிடந்தது. நல்ல துணி எண்டு எடுத்து வச்சிட்டன். ஜனார்த்தனன் தம்பி, சண்டைக் காலத்து உண்மையான உடுப்புத்தான் வேணும் எண்டு ஒற்றைக்கால்ல நிண்டுது. நான் குடுத்தன். தைச்சதெண்டு பொய் சொன்னன்."

"அந்தக் கரை எண்டா?"

"2009இல, கடைசிச் சண்டையில சனம் தப்பி வரத் தண்ணிக்க இறங்கின கரை. நானும் அதாலதான் இஞ்சால வந்தனான். நெஞ்சளவு தண்ணி. எனக்கு முன்னுக்கும் பின்னுக்கும் சனம்... எல்லாரும் ஏறேல்ல தம்பி."

"ஜனார்த்தனனிட்டப் போனில கேட்டன், வினோஜா உடுப்பைக் கழட்டினவுடன தப்பிட்டாளாமே. நிசாவும் கழட்டிட்டாள். ஏன் நிக்கேல்ல?"

பிரேமிளா பையைப் பார்த்தாள்.

"அது எட்டு வருசத்தில. இப்ப பதினாறு வருசமாச்சு. எவ்வளவு காலமெண்டுதான் ஒருத்தி தண்ணிக்க நிப்பாள்?"

சிவகரன் மோட்டார் சைக்கிளைத் திருப்பினான். புதுக்குடியிருப்பைத் தாண்டி மாத்தளன் பக்கம் விட்டான். கடலோரம் தேங்கிக் கிடந்த களப்பின் மேற்குக் கரையில் ஒரு பாலைமரத்தின் கீழ் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். குறுக்கே போகும் றோட்டால் நடந்து, கடற்பக்கக் கரைக்குப் போனான். அங்கே கண்டல் வேர்கள் சேற்றுக்குள் இருந்து நிமிர்ந்து நின்றன. வெயில் சாயத் தொடங்கியிருந்தது. காற்று திடீரென்று விழுந்துவிட்டது. இத்தனை நாளில் முதல் தரம் ஒரு சத்தமும் இல்லை.

பஞ்சாபியை எடுத்துத் தோளில் போட்டான்.

"வாங்கோ அக்கா" என்றான். "அங்கால போவம்."

தண்ணீரில் இறங்கினான்.

ஆவணி மாதத்துக் களப்பு. முழங்காலுக்கு மேலே தண்ணீர் இல்லை. ஆனால் இருபது அடி போவதற்குள் குளிர் அவனுடைய இடுப்புக்கு ஏறியது. நடுக்களப்பில் நெஞ்சுக்கு வந்தது. குனிந்து பார்த்தான். தண்ணீர் முழங்காலில்தான் நின்றது.

தோள் கனத்தது.

ஒரு துணியின் கனம் இல்லை. நனைந்த துணியின் கனமும் இல்லை. ஓர் ஆள் அவனைப் பிடித்துத் தொங்கும் கனம். ஒவ்வொரு அடிக்கும் சேறு காலைப் பிடித்து இழுத்தது. சட்டைப்பையில் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கக் கையில்லை. இரண்டு கையாலும் துணியைப் பிடித்திருந்தான்.

குளிர் கழுத்துக்கு வந்தது. அவனும் நாடியைத் தூக்கினான்.

காதுக்குப் பக்கத்தில் மூச்சு வாங்கும் சத்தம். அவனுடையது இல்லை.

"கொஞ்சம்தான்," என்றான். "கொஞ்சம்தான் அக்கா. கரை தெரியுது, பாருங்கோ."

எப்படி ஏறினான் என்று பிறகு அவனுக்கு நினைவில்லை. மேற்குக் கரை மணலில் முழந்தாளில் விழுந்து கிடந்தான். தோளில் கனம் இல்லை. பஞ்சாபியை மெதுவாக இறக்கி, ஒரு பற்றைச் செடிக்குப் பக்கத்தில், தூங்குகிறவரைக் கிடத்துவதுபோலக் கிடத்தினான். அது காய்ந்திருந்தது. வெள்ளைக்கோடு எங்கும் இல்லை. முழுக்கக் கடுகு மஞ்சள்.

போனை எடுத்துத் திருப்பி அழைத்தான். யதுர்ஷிகா உடனே கதைத்தாள். அழுதுகொண்டிருந்தாள்.

"அத்தான், அக்கா இருந்திட்டா."

"என்ன?"

"கதிரையில இருந்திட்டா அத்தான். நடக்கேல்ல. கோடு ஒண்டும் இல்லை. தேத்தண்ணி கேக்கிறா."

சிவகரன் மணலில் அப்படியே குந்தியிருந்து அழுதான். வெகுநேரம் அழுதான். சூரியன் பனைகளுக்குப் பின்னால் இறங்கியது. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழும்பினான். அப்போதுதான் ஈரமணலைப் பார்த்தான்.

தண்ணீரில் இருந்து அவனுடைய காலடிகள் ஏறி வந்திருந்தன. சேற்றில் புதைந்த, தடுமாறிய காலடிகள்.

பக்கத்தில் ஒரு பெண்ணின் வெறுங்கால் தடம். அது பற்றைவரைக்கும் வந்து, பஞ்சாபி கிடந்த இடத்தில் நின்றுவிட்டது.

அதற்குப் பக்கத்தில் இன்னுமொரு தடம்.

சின்னத் தடம். அவனுடைய உள்ளங்கை அளவு இருக்கும்.

அது பற்றையில் நிற்கவில்லை. அதைக் கடந்து, மணலைக் கடந்து, பாலைமரத்தின் கீழ் நின்ற மோட்டார் சைக்கிளுக்கு நேராகப் போயிருந்தது. அதற்குப் பிறகு தடம் இல்லை.

மோட்டார் சைக்கிள் சீற்றின் பின்பாதி நனைந்திருந்தது. தண்ணீர் ஒரு துளி, ஒரு துளியாக மணலில் விழுந்துகொண்டிருந்தது.

சிவகரன் மோட்டார் சைக்கிளின் திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஓடலாம் என்று நினைத்தான். றோட்டுவரைக்கும் நடந்துபோய் பஸ் பிடிக்கலாம் என்று நினைத்தான். களப்புப் பக்கம் பார்த்தான். தண்ணீர் இருட்டத் தொடங்கியிருந்தது.

அவன் போய் மோட்டார் சைக்கிளில் ஏறினான். பின்னால் இடம் விட்டு, பெற்றோல் டாங்கியோடு முட்ட முன்னுக்குத் தள்ளி இருந்தான். ஸ்டார்ட் பண்ணினான்.

இரண்டு பக்கத்திலும், இடுப்புக்கு மேலே, அவனுடைய சட்டையை இரண்டு சின்னக் கைகள் இறுக்கிப் பிடித்தன.