இரண்டாவது வாளி

நான்கு பாட்டில்களில் மூன்றாவது மட்டும் லேசாக மஞ்சளாக இருந்தது.

காலையில் நான்கையும் ஒரே வாளித் தண்ணீரால்தான் நிரப்பினான் குணசேகரன். நூம்பலில் அவன் வீட்டுக் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். அந்தத் தெருவிலேயே அதற்கு ஈடு கிடையாது. மூடியை இறுக்கி, ‘திருமழிசை காலனி, பொதுக்கிணறு’ என்று எழுதிய சீட்டை ஒவ்வொன்றிலும் ஒட்டி, ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டுப் படுத்தான். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம். எழுந்தபோது மணி நாலு. மூன்றாவது பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தண்ணீர் விட்டுக் கரைத்த எலுமிச்சைச் சாறுபோல் இருந்தது.

“பாட்டில் கழுவக்கூடத் துப்பில்லை,” என்று முணுமுணுத்தான். வேலையிடத்தில் பாட்டில் கழுவுகிற எடுபிடி அப்பாவு. அந்த முகத்தை நினைத்தாலே அவனுக்கு எரிச்சல் வரும்.

அம்பத்தூரில் தண்ணீரைச் சோதித்துச் சான்று தரும் கூடமொன்றில் குணசேகரன் கெமிஸ்ட். திருமழிசையில் முலாம் பூசும் ஆலை ஒன்று தன் கழிவையெல்லாம் பின்பக்கத்துப் பள்ளத்தில் விட்டது. பள்ளத்தை ஒட்டிக் காலனி. அங்கிருந்தவர்கள் மனுப் போட்டார்கள். மாதம் ஒரு முறை கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க உத்தரவாயிற்று. எண்பத்தேழில் அவன் ஒரே ஒரு தடவை போனான். முழங்கால்வரை சேறு, நாய்கள், சுற்றி நின்று ஒரே நேரத்தில் பேசும் பெண்கள். மாட்டைக் கிணற்றடியில் குளிப்பாட்டுவார்கள், அழுக்குத் துணியை அங்கேயே அடித்துத் துவைப்பார்கள், அப்புறம் ஆலைமேல் பழி. இதுகளுக்காக இரண்டு பஸ் மாறிப் போகவேண்டுமா? அடுத்த மாதத்திலிருந்து தன் வீட்டுக் கிணற்றிலேயே மொண்டான். ‘குடிக்க ஏற்றது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். இரண்டு வருடமாக ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை.

போன வாரம் காலனியிலிருந்து நாகம்மாள் என்ற பெண் ஒரு தூக்குவாளியோடு கூடத்துக்கே வந்துவிட்டாள். அவள் விரல் இடுக்குகளெல்லாம் வெடித்துக் குழி விழுந்திருந்தன.

“இன்னா சார், நல்ல தண்ணின்னு காயிதம் குடுத்துகினே கீற? எங்க கெணத்தாண்ட நீ வந்து எம்மா நாளாவுது? எங்க ஊட்டு எருமை அதுல வாயே வெக்க மாட்டேங்குது. நாங்க குட்ச்சிகினு கீறோம்.”

“கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க. எல்லாம் சரியாப் போயிடும்.”

அவள் கத்தவில்லை. தூக்குவாளியைத் திறந்து அவன் மேசைமேல் வைத்தாள். “ஒரு வாய் குடி. குட்ச்சிட்டு அப்பால எழுது.”

அவன் வாட்ச்மேனைக் கூப்பிட்டான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். துப்பவும் லாயக்கில்லாத ஒன்றைப் பார்ப்பதுபோல. பிறகு தானாகவே வெளியே போய்விட்டாள். தூக்குவாளித் தண்ணீரை அவன் கழுவுதொட்டியில் கவிழ்த்தான். அன்று முழுக்க நண்பர்களிடம் அவள் பேச்சை நடித்துக் காட்டிச் சிரித்தான்.

இப்போது மூன்றாவது பாட்டிலைச் செடியில் கொட்டிவிட்டு, திரும்ப நிரப்புவதற்காகக் கொல்லைக் கிணற்றில் வாளியை இறக்கினான்.

மழை விட்டு ஒரு மணி நேரம் இருக்கும். வாழை இலைகளிலிருந்து சொட்டும் நீரும், பூந்தமல்லி சாலையில் லாரிகள் போகும் இரைச்சலும், எண்ணெய் காணாத ராட்டினத்தின் கிறீச்சிடலும், நனைந்த மண்ணின் வாசனையும், அந்த வாசனைக்கு அடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே வந்த வேறொரு நெடியும், செம்புக் காசை நாக்கில் வைத்தாற்போலப் புளித்த அந்த நெடியும் அவனைச் சுற்றி நின்றன. அவனுக்கு அது தெரிந்த நெடி. ஆலையின் பின்பக்கம் ஒரே ஒரு தடவை முகர்ந்தது. ஆனால் திருமழிசை எங்கே, நூம்பல் எங்கே? நடுவில் எத்தனை ஊர், எத்தனை வயல். நிலத்தடி நீருக்குக் கால் முளைத்து நடந்தா வரும்? படிக்காதவர்கள் நம்பலாம்.

டங்.

வாளி எதிலோ இடித்தது. தண்ணீரில் இல்லை. தகரத்தில் தகரம்.

அவன் கிணற்றில் ஒரே வாளிதான்.

மறுபடியும் டங். பக்கவாட்டிலிருந்து. வேறொரு கயிறு கல்லில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. வளையல்கள். குடத்தில் தண்ணீர் விழும் சத்தம். உள்ளிருந்து யாரோ அவன் கயிற்றை இரண்டு தடவை உதறினார்கள். பொதுக்கிணற்றில் கயிறு சிக்கினால் பெண்கள் உதறுவதுபோல. நகரு, எங்களுக்கும் இடம் விடு என்பதுபோல.

கயிற்றை விட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

சமையலறையில் அவன் மனைவி வனஜா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஆவடி ராணுவத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். ஆறு மாதக் கர்ப்பிணி. அவளைச் சுற்றி அண்டா, குடம், செம்பு, குழம்புச் சட்டி, டபரா எல்லாம் விளிம்புவரை நிறைந்திருந்தன. எல்லாம் மஞ்சள்.

“யார் மொண்டு வெச்சது?”

“நீங்கதானேங்க? நான் தூங்கி எழுந்திருக்கறப்பவே நிறைஞ்சிருந்தது.” இன்னொரு டம்ளர் மொண்டாள். “என்னமா இனிக்குது. குடிக்கக் குடிக்கத் தாகம் அடங்கலை.”

டம்ளரைத் தட்டிவிட்டான். அவள் விரல் இடுக்குகள் அப்போதுதான் கண்ணில் பட்டன. வெடிக்க ஆரம்பித்திருந்தன.

“அதைக் குடிக்காதே. அது விஷம்.”

“நீங்கதானே நல்ல தண்ணின்னு எழுதுவீங்க?” என்றாள். மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை.

எல்லாப் பாத்திரங்களையும் முற்றத்தில் கவிழ்த்தான். கை எரிந்தது. கிணற்றை மூடிவிட வேண்டும். மாட்டுக் கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த தகர ஷீட்டை இழுத்துக்கொண்டு போனான். மூடுவதற்கு முன் எட்டிப் பார்க்கக் கூடாது என்று நினைத்தான்.

எட்டிப் பார்த்தான்.

தண்ணீர் கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. அதில் கிணற்றைச் சுற்றிலும் முகங்கள். பெண்கள். இடுப்பில் குடம், கையில் கயிறு. நெருக்கிக்கொண்டு நின்றார்கள்.

தலையைத் தூக்கினான். சுற்றிலும் யாரும் இல்லை. வாழை. மதில். ஈரத் தரை.

குனிந்தான். இருந்தார்கள். ஒருத்தியும் அவனைப் பார்க்கவில்லை. பார்க்க அங்கே ஒன்றும் இல்லாததுபோல. எல்லாரும் எதிர்ப்பக்கத்தில் நின்ற ஒருத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு வழி விட்டார்கள்.

ராட்டினம் கிறீச்சிட்டது.

மெதுவாக நிமிர்ந்தான்.

எதிர்ப்பக்கத்தில் வனஜா. இரண்டு கைகளாலும் வாளியைத் தூக்கி வாயில் கவிழ்த்திருந்தாள். மூச்சு வாங்காமல் குடித்தாள். மஞ்சள் நீர் கழுத்தில் வழிந்து, புடவையை வயிற்றோடு ஒட்ட வைத்திருந்தது. அவள் தொண்டை ஏறி இறங்கியது. வயிறும் ஏறி இறங்கியது. ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு முறை. தொண்டை இறங்கிய ஒரு கணம் கழித்து.

வாளி காலியாகித் தொண்டை நின்றது.

வயிறு இன்னும் விழுங்கிக்கொண்டிருந்தது.