கைகளில் டீசல் வாடை இல்லை

பெட்ரோல் பங்க்காரரின் இரண்டு கைகளையும் ஊரார் உடைத்த பிறகுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. அதுவரை மற்றவர்களைப் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

என் கணவர் வாடகைக் கார் ஓட்டியவர். செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்குக் கிளம்பி, மெயின் ரோட்டு பங்க்கில் டீசல் போட்டார். பத்து மணிக்கு, அங்கிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, கல்குவாரிச் சாலையில் மண்டை பிளந்து கிடந்தார். காரின் பானட் திறந்திருந்தது. பணப்பையும் சாவியும் இல்லை. பங்க்கில் தண்ணீர் கலந்த டீசல் போட்டதால் வண்டி நடுவழியில் நின்றது, தனியாக மாட்டியவரை வழிப்பறிக்காரர்கள் அடித்துக் கொன்றார்கள் என்று மாலைக்குள் ஊரெல்லாம் பேச்சு. இருட்டுவதற்குள் பங்க்கைக் கொளுத்திவிட்டார்கள். பங்க்காரரைத் தரையில் தள்ளி, "இந்தக் கைதானே தண்ணி கலந்துச்சு?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார்களாம். மறுநாள் மதியம் போலீஸ் கார் டேங்கைக் கழற்றி இறக்கியது. அடியில் இரண்டு லிட்டர் தண்ணீர். "பாத்தீங்களா, நாம செஞ்சது சரிதான்" என்றது தெரு. ஆஸ்பத்திரி வாசலில் பத்துப் பேர் முறைவைத்து உட்கார்ந்தார்கள், அவர் வெளியே வந்தால் மிச்சத்தையும் முடிக்க.

வியாழக்கிழமை காலை சர்வேயரிடம் போனேன். என் தம்பிதான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டான். கால் வைக்கும் இடத்தில் எப்போதும் போல அவன் வேலை பார்க்கும் பேட்டரிக் கடைக் கேன்கள். முழங்காலை அகட்டிக்கொண்டுதான் ஓட்டுவான். "எதுக்குக்கா இதெல்லாம்? அதான் யாருன்னு தெரிஞ்சுபோச்சே" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். என்னை இறக்கிவிட்டுக் கடைக்குப் போனான்.

இன்சூரன்சுக்காக நசுங்கிய வண்டிகளைப் பார்த்தே முப்பது வருடம் கழித்தவர் சர்வேயர். ஓய்வுக்குப் பிறகு போலீஸே அவரிடம் வந்து கேட்கும். உதவியாளர் ஒரு பழைய லாரி டிரைவர். ரகசியம் பேசினாலும் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அதனால் எல்லாருக்கும் அவர் ஹாரன்.

"சொல்லுங்கம்மா" என்றார் சர்வேயர்.

"டீசல்ல தண்ணி வந்தா என் வீட்டுக்காரர் முதல்ல என்ன செய்வார்னு எனக்குத் தெரியும் சார். ஃபில்டருக்கு அடியில ஒரு திருகு இருக்கு. தினமும் காலையில அதைத் திறந்து கொஞ்சம் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு, வெளிச்சத்துல தூக்கிப் பார்ப்பார். தண்ணி இருந்தா அடியில தனியா நிக்கும். குழந்தைக்கு மருந்து அளக்குற மாதிரின்னு நான் கேலி பண்ணுவேன். வண்டி நின்னிருந்தா அதைத்தான் முதல்ல திறந்திருப்பார். கையெல்லாம் டீசல் வழிஞ்சிருக்கும்."

"ஆமா சார், சோப்புப் போட்டாலும் ரெண்டு நாளைக்குப் போகாது!" என்றார் ஹாரன். மேஜையிலிருந்த டம்ளர் அதிர்ந்தது.

"ஆஸ்பத்திரியில அவர் கையைப் பிடிச்சுட்டே உக்காந்திருந்தேன். முகத்துல வச்சு அழுதேன். ரத்த வாடைதான் இருந்தது சார். டீசல் வாடை இல்ல."

சர்வேயர் ஒரு நோட்டைத் திறந்தார். "டேங்க் மூடிக்குப் பூட்டு உண்டா?"

"உண்டு. கார் சாவியேதான்."

"தண்ணி கலந்த டீசல்னு உங்ககிட்ட முதல்ல சொன்னது யாரு?"

"தம்பி. செவ்வாய்க்கிழமை நாலு மணி இருக்கும். கூடியிருந்தவங்க எல்லாரும் கேட்டாங்க."

அன்று மதியம் போலீஸ் ஷெட்டுக்குப் போனோம். காரைக் கட்டி இழுத்து வந்து நிறுத்தியிருந்தார்கள். சாவி இல்லாததால் யாரும் ஸ்டார்ட் செய்து பார்க்கவில்லை என்றார் இன்ஸ்பெக்டர். டேங்க் மூடி பூட்டியபடியே இருந்ததாம், கீறல்கூட இல்லை. ஹாரன் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, "மாமியார் வீட்டு விருந்து மாதிரி இருக்கு சார், தகரக் கூரை வெயில்ல எங்க கை வச்சாலும் சுடுது" என்று ஏதோ சொன்னார். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

சர்வேயர் முன்பக்கம் போய் இரண்டு ஹெட்லைட்டையும் விரலால் தடவினார். வலதுபக்கம் பழுத்து மஞ்சளாக இருந்தது. இடதுபக்கம் தெளிவான புதுக் கண்ணாடி.

"இது எப்ப மாத்தினது?"

"போன மாசம். தம்பி ஒரு நாள் எடுத்துட்டுப் போயி நாய்மேல மோதிட்டான்."

"செவ்வாய்க்கிழமை உங்க வீட்டுக்காரருக்குச் சவாரி இருந்துச்சா?"

"இல்ல. ஆனா நல்ல சட்டை போட்டுக்கிட்டார். எங்கன்னு கேட்டேன். வந்து சொல்றேன்னார்."

மறுநாள் காலை அதே ஷெட்டுக்கு எங்களை வரச்சொன்னார் சர்வேயர். நான், தம்பி, இன்ஸ்பெக்டர், பங்க்காரரின் மனைவி. அவள் கையில் பங்க் கிணற்றுத் தண்ணீர் ஒரு பாட்டில் இருந்தது, சர்வேயர்தான் கேட்டிருந்தார். தம்பி அவளைப் பார்த்ததும் காறித் துப்பினான். விஷயம் எப்படியோ பரவி, ஷட்டருக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது.

"ஹாரன், ஃபில்டரைத் திறங்க."

ஹாரன் திருகைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தார். தேன் நிறத்தில் டீசல் இறங்கியது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"தண்ணி டீசலைவிடக் கனம்" என்றார் சர்வேயர். "டேங்க்ல அடியில போய் நிக்கும். இன்ஜின் உறிஞ்சுறதும் அடியிலிருந்துதான். பங்க்லயே ரெண்டு லிட்டர் தண்ணி விழுந்திருந்தா, ஒரு கிலோமீட்டருக்குள்ள ஃபில்டர் நிறைஞ்சிருக்கும். இந்த வண்டி இருபது கிலோமீட்டர் ஓடியிருக்கு. ஃபில்டர் சுத்தமா இருக்கு. அப்படின்னா?"

"இன்ஜின் நின்ன பிறகுதான் தண்ணி ஊத்தியிருக்கான்!" என்று கத்தினார் ஹாரன்.

"வண்டி பழுதாகி நிக்கல. தெரிஞ்ச ஆள் யாரோ கையைக் காட்டியிருக்கான், இவர் நிறுத்தியிருக்கார். செத்தவர்கிட்டேயிருந்து சாவியை எடுத்து, மூடியைத் திறந்து, தண்ணியை ஊத்திட்டு, பழக்கதோஷத்துல திரும்பப் பூட்டியிருக்கான். அப்புறம் பானட்டைத் தூக்கி வச்சிருக்கான்."

ஹாரன் தான் கொண்டுவந்த அடுப்பைப் பற்றவைத்தார். ஒரு தகட்டில் இரண்டு இடத்தில் சொட்டு விட்டார்: பங்க் கிணற்றுத் தண்ணீர், டேங்கிலிருந்து போலீஸ் பிரித்தெடுத்த தண்ணீர். இரண்டும் சுண்டின. முதல் இடத்தில் சுண்ணாம்பு பூசியது போல வெள்ளை வட்டம். இரண்டாவது இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர ஒன்றும் இல்லை.

"இந்த ஊர்ல எந்தக் குழாய்த் தண்ணியைக் காய்ச்சினாலும் வெள்ளை படியும். குவாரிக் குட்டைத் தண்ணி இன்னும் மோசம். வெள்ளையே படியாத தண்ணி ஒண்ணுதான். பேட்டரிக்கு ஊத்துற, உப்பெல்லாம் நீக்கின தண்ணி."

நான் தம்பியைப் பார்க்கவில்லை. அவன் செருப்பைத்தான் பார்த்தேன். ஆசிட் பட்டு ஓட்டை விழுந்த செருப்பு.

"செவ்வாய்க்கிழமைதோறும் குவாரி லாரிகளுக்குப் பேட்டரித் தண்ணி கொண்டுபோறது நீங்கதானே தம்பி?" என்றார் சர்வேயர், டீ வேண்டுமா என்று கேட்கிற குரலில். "செவ்வாய் நாலு மணிக்கே டேங்க்ல தண்ணின்னு சொல்லியிருக்கீங்க. போலீஸ் டேங்கைத் திறந்தது புதன் மதியம்."

"பானட் திறந்திருந்துச்சுன்னாங்க. ஒரு ஊகந்தான் சார். இதுக்கெல்லாம்…"

இன்ஸ்பெக்டர் ஒரு காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். மஞ்சளாகப் பழுத்த ஹெட்லைட் துண்டு. "போன மாசம் குவாரிக்கு அந்தப்பக்கம் ஒரு சித்தாள் பொண்ணை இடிச்சுட்டு ஒரு வண்டி நிக்காமப் போச்சு. அவ புடவையில சிக்கியிருந்தது. அந்த ஸ்டேஷனுக்குத்தான் உங்க மாமா அன்னிக்குப் போயிட்டிருந்திருக்கார். அதுக்கு முதல் நாள் போன் பண்ணி, ஒருத்தனைப் பத்திச் சொல்லணும், நேர்ல வர்றேன்னிருக்கார்."

தம்பி தரையில் கிடந்த வீல் ஸ்பானரை எடுத்தது எனக்குத் தெரியவில்லை. ஹாரனின் தோளில் எலும்பு முறியும் சத்தம்தான் கேட்டது. இரண்டாவது அடி சர்வேயரின் நெற்றிக்கு வந்தது. நான் குறுக்கே போனேன்.

"அடி" என்றேன். "அவரை அடிச்ச மாதிரியே அடி."

ஸ்பானர் தலைக்கு மேலே நின்றது. அதற்குள் இன்ஸ்பெக்டர் அவனைப் பின்னாலிருந்து பிடித்துக் குப்புறத் தள்ளினார். பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். ஹாரன் தோளைப் பிடித்துக்கொண்டு, முதல்முறையாக மெதுவான குரலில், "உக்காருங்க தங்கச்சி" என்றார்.

"கால்ல விழுந்தேன்க்கா" என்றான் தம்பி, தரையில் முகம் அழுந்தியபடி. "நாயின்னுதானே மாமா இத்தனை நாள் நினைச்சிட்டிருந்தார்? எங்கயோ விசாரிச்சிருக்கார். நீயே வந்து ஒத்துக்கோ, கூட நான் நிக்கிறேன்னார். முடியாதுன்னேன். திரும்பி வண்டியில ஏறப் போனார்…"

"எத்தனை அடி?"

"எண்ணலக்கா."

அந்தப் பதிலை இத்தனை வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஷட்டர் தடதடவென்று அதிர்ந்தது. உள்ளே பேசியதெல்லாம் ஷட்டர் இடுக்கு வழியே வெளியே கேட்டிருக்க வேண்டும். "அவனை எங்ககிட்ட விடுங்க! கூடப்பொறந்தவ தாலிய அறுத்த நாயி!" இன்ஸ்பெக்டர் கூடுதல் ஆளுக்குப் போன் செய்துகொண்டிருந்தார். நான் ஷட்டரைப் பாதி தூக்கி வெளியே போய், திரும்ப இறக்கினேன்.

முன்னால் நின்றவர்கள் எல்லாம் எங்கள் தெருக்காரர்கள். கையில் கட்டையும் கம்பியும்.

"தள்ளுங்கக்கா. உங்களுக்காகத்தான் வந்திருக்கோம்."

"செவ்வாய்க்கிழமையும் எனக்காகத்தான் போனீங்க" என்றேன். "என் வீட்டுக்காரரைக் கொன்னது என் தம்பி. அவனுக்கு என்னன்னு கோர்ட்டு சொல்லட்டும். பங்க்காரர் கையை உடைச்சது யாரு? அதைச் சொல்லிட்டு உள்ள போங்க."

பின்னால் ஷட்டர் மறுபடி உயர்ந்து இறங்கியது. பங்க்காரரின் மனைவி வந்து என் தோளோடு தோள் உரசி நின்றாள். அவளைப் பார்த்ததும் முதல் வரிசையில் ஒருவன் கம்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான். போலீஸ் வண்டி வரும்வரை அப்படியே நின்றோம்.

கம்பி பிடித்திருந்த அந்தக் கைகளை எனக்குத் தெரியும். செவ்வாய் இரவு என் தலையைத் தடவி ஆறுதல் சொன்ன கைகள். அன்று அவற்றிலெல்லாம் டீசல் வாடை அடித்தது. ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும்.