தேவராஜ் நிரப்பிய ஸ்டவ்!

"கிருஷ்ணாயில் வாசனை உனக்குத் தெரியுமாம்மா?"

பெண் பார்க்க வந்த அன்று தேவராஜ், ஞானகுமாரியிடம் கேட்ட ஒரே கேள்வி இதுதான்!

கூடியிருந்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். பாவம்… முதல் மனைவியை ஸ்டவ் வெடித்துப் பறிகொடுத்தவன். பயம் இருக்காதா?

"எந்த வாசனையும் தெரியாதுங்க. அம்பத்தூர் எஸ்டேட்ல பெயின்ட் கம்பெனி தின்னர் ஸ்டோர்ல வேலை. மூக்கு செத்துப்போயி ரொம்ப நாளாச்சு."

தேவராஜ் சிரித்தான். அந்த நிமிஷமே சம்மதம் சொன்னான்!

கள்ளிக்குப்பத்தில் குடித்தனம். அவனுக்கு ஸ்கூட்டர் மெக்கானிக் ஷெட். வீட்டுக்கும் பெட்ரோல் டின் வரும்… மூடி இல்லாமல்!

"இன்னாங்க இது? டின்னைத் தொறந்து போட்டுட்டு, பக்கத்துல குந்திகினு பீடி பத்த வைக்கிறீங்க!"

"ஊடா இது? ஃபயர் சர்வீஸா?"

"மூடியை இறுக்க மூடுங்க. அடுப்பாங்கரையில வைக்காதீங்க. எங்க ஸ்டோர்ல இப்படிச் செஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க!"

"நானும் ஒரு நாள் உன் சீட்டைக் கிழிக்கப்போறேன் பாரு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னான்…

ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

"குமாரி! ஸ்டவ்வுல நானே கிருஷ்ணாயில் ஊத்தி வச்சிட்டேன். இன்னிக்கு ஓட்டல்ல தோசை. நீ காலையில காபி மட்டும் போடு, போதும்."

கல்யாணமான நாளிலிருந்து அவன் ஸ்டவ்வைத் தொட்டதே இல்லை!

அவன் சட்டை மாட்டப் போனான். ஞானகுமாரி ஸ்டவ்வின் மூடியைத் திருகினாள். ஒரு குச்சியை உள்ளே விட்டு, ஒரு சொட்டைப் புறங்கையில் வைத்தாள். லேபிள் இல்லாத டின் வந்தால் ஸ்டோரில் செய்கிற சோதனை. கிருஷ்ணாயில் என்றால் பிசுபிசுவென்று தங்கும்.

இது ஜில்லென்றது… மறைந்தே போனது!

பெட்ரோல்!

இன்னொரு தடவை வைத்துப் பார்த்தாள். அதேதான்! மூடியை இறுக்கினாள். சிரித்த முகத்தோடு போய் தோசை சாப்பிட்டாள்.

ஞாயிறு காலை.

"பால் வாங்கினு வந்துட்டேங்க. காபி போடட்டா?"

"போடு, போடு! நான் தெருமுனையில பேப்பர் பார்த்துட்டு வரேன்."

போனான். ஓடினான் என்றும் சொல்லலாம்!

டீக்கடையில் பேப்பரைத் தலைகீழாகப் பிடித்தபடி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நேரம் நகரவே இல்லை. கடைசியில்…

"ஆ… ஆ… ஆ!"

ஞானகுமாரியின் அலறல்!

தேவராஜ் வாயில் அடித்துக்கொண்டு ஓடி வந்தான்.

"ஐயோ! ஸ்டவ் வெடிச்சிடுச்சே! இவளும் போயிட்டாளே!"

தெருவே கூடிவிட்டது. கதவு திறந்தது.

ஞானகுமாரி நின்றாள்… முழுசாக!

"எந்த ஸ்டவ்வுங்க? கரப்பான்பூச்சி பறந்துச்சி, கத்தினேன். அதுக்கா இந்த ஒப்பாரி?"

அவளுக்குப் பின்னால், சப் இன்ஸ்பெக்டர் சகாயம்மாள்!

"மே… மேடம்… சத்தம் கேட்டதும் பழைய ஞாபகம்…"

"புரியுதுப்பா. ஸ்டவ் இன்னும் பத்த வைக்கல. நீயே பத்த வை. எனக்கும் ஒரு காபி."

தீப்பெட்டியை நீட்டினார். தேவராஜ் பின்வாங்கினான்.

"கை… கை வலி மேடம்."

"அப்ப நானே பத்த வைக்கிறேன்."

குச்சியை உரசினார். ஸ்டவ்வை நோக்கிக் குனிந்தார்…

"வேணாம் மேடம்! எல்லாரும் செத்துடுவோம்! அதுல பெட்ரோல்…"

நாக்கைக் கடித்துக்கொண்டான். ரொம்பத் தாமதமாக!

ஸ்டவ் சாதுவாக எரிந்தது.

"இது பக்கத்து வீட்டு ஸ்டவ். உன்னோடது கொல்லைப்புறமா ஸ்டேஷனுக்குப் போயாச்சு. பால் வாங்க வந்தவ முதல்ல என் வீட்டுக் கதவைத்தான் தட்டினா. செத்துப்போன மூத்தவ நகை உனக்கு ஷெட்டாச்சு. இவ நகையில என்ன வாங்கறதா இருந்த?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு வஹீதுன்னிசா எட்டிப் பார்த்தாள்.

"விசாரணையை அப்பாலிக்கா வச்சுக்கங்கம்மா! மொதல்ல என் ஸ்டவ்வைக் குடுங்க. ஊட்ல ஆப்பம் பாதியில நிக்குது!"

தேவராஜ் ஞானகுமாரியைப் பார்த்தான். வாயை இறுக்க மூடிக்கொண்டான். தலையைக் குனிந்தபடி ஜீப்பில் ஏறிப் போய்விட்டான்.

பரவாயில்லை… கடைசியில் ஒரு மூடியையாவது இறுக்க மூடக் கற்றுக்கொண்டானே!