முடிவு என்ற கட்டம்

பெண்கள் கூடத்தில் பதின்மூன்று பேர் இருந்தார்கள். மாலைச் சாப்பாட்டுக்குத் தள்ளுவண்டியில் வந்தவை பன்னிரண்டு கிண்ணங்கள். தெக்லா இரண்டு முறை எண்ணிப் பார்த்தாள். முட்டைக்கோஸ் சூப்பின் புளித்த ஆவி ஒவ்வொரு கட்டிலாக நின்று நின்று நகர்ந்து, அவள் அக்கா அஃப்ராவின் கட்டிலை மட்டும் நிற்காமல் தாண்டிப் போயிற்று.

"ஜிட்டா, எங்க அக்காவுக்கு?"

செவிலி ஜிட்டா சிரித்தாள். "உங்க அக்காதான் வீட்டுக்குப் போயாச்சேடி! கேக் வாங்கித் தராம ஏமாத்தப் பாக்குறியா?"

கட்டிலில் உட்கார்ந்திருந்த அஃப்ரா அந்தச் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெக்லாவுக்கு அந்த மனநோய் மருத்துவமனையின் அட்டை அறையில் நகலெழுத்து வேலை. நோயாளி ஒருவருக்கு ஓர் அட்டை. பெயர், வயது, என்ன பேசுகிறாள், எப்படித் தூங்குகிறாள் என்று எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தின் பெயர் முடிவு. ஆண்டுக்கணக்கில் அது காலியாகவே கிடக்கும். இன்று அழுவதையும் கத்துவதையும் வைத்து நோய்க்குப் பெயரிடக் கூடாது, அது எங்கே போய் முடிகிறது என்று பார்த்தே பெயரிட வேண்டும் என்பது அங்கிருந்த மருத்துவர்களின் புதிய கொள்கை. முடிவு தெரிந்ததும் அட்டை பெட்டிக்குப் போகும். முதல் பெட்டி தேறியவர்களுக்கு. இரண்டாவது, விட்டு விட்டு நோய் திரும்புபவர்களுக்கு. மூன்றாவது, அறிவு மங்கிப்போனவர்களுக்கு.

முந்தைய நாள் டாக்டர் லாம்ப்ரெக்ட் அஃப்ராவின் அட்டையை விரல் நுனியில் தூக்கிப் பார்த்தார். "இந்த மாதிரி கேஸ் எல்லாம் ஒரே இடத்துலதான் முடியும். மூணாவது பெட்டி. திங்கட்கிழமை மலை விடுதிக்கு அனுப்பிடலாம்."

மலை விடுதியிலிருந்து யாரும் இறங்கி வந்ததில்லை.

"ஐயா, நேத்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா."

"கிளி கூடத்தான் கூப்பிடும், அம்மா."

அவர் காபி குடிக்கப் போனதும் தெக்லா மாதாவை வேண்டிக்கொண்டு, தன் உருண்டைக் கையெழுத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பினாள். 'தேறினாள். வீடு திரும்பினாள்.' அன்பினால் சொன்ன ஒரு வரிப் பொய். ஞாயிற்றுக்கிழமை பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிடலாம். விடுவிப்புச் சீட்டு தானாக வரும் என்று நம்பி, அட்டையை முதல் பெட்டியில் போட்டாள்.

நகலெழுதும் எவருக்கும் தெரிந்த ஒன்றை அவள் பதற்றத்தில் மறந்துபோனாள். முடிவு எழுதிய அட்டை மூடிய அட்டை. அந்தப் பெயர் கட்டில் பட்டியலிலும் சாப்பாட்டுப் பட்டியலிலும் அடிக்கப்பட்டுவிடும். அந்த மருத்துவமனையில் முகங்களைப் பார்க்கும் வழக்கம் இல்லை. பட்டியலைத்தான் பார்ப்பார்கள்.

தெக்லா ஜிட்டாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "இதோ உக்காந்திருக்காளே!"

ஜிட்டா பார்த்தாள். அவள் பார்வை அஃப்ராவின் மேல் தங்காமல் பின்னால் இருந்த சுவரில் போய் நின்றது. "ராத்திரி தூங்குனியா, தெக்லா?" என்றாள் கனிவோடு. "அட்டைங்களோடயே கிடந்தா இப்படித்தான் ஆகும்."

"தெக்லா," என்றாள் அஃப்ரா. பல மாதங்களுக்குப் பிறகு தெளிவான குரல். "யாருமே என்கூடப் பேச மாட்டேங்கிறாங்க. நான் என்னடி தப்பு செஞ்சேன்?"

அவள் உண்மையாகவே தேறிக்கொண்டிருந்தாள்.

தெக்லா ஓடினாள். நான்கு மணிக்கே இருட்டிவிட்ட குளிர்காலம். அட்டை அறையில் எரிவாயு விளக்கு சீறிக்கொண்டிருந்தது, பழைய காகிதமும் மையும் கலந்த நெடி தொண்டையைக் கரகரக்க வைத்தது. பேனாக் கத்தியால் அந்த வரியைச் சுரண்டினாள். மை உதிர்ந்தது. பின், சுவரில் ஈரம் ஊறுவதுபோல எழுத்து மேலே வந்தது. அவளுடைய கையெழுத்து. மறுபடி சுரண்டினாள். மறுபடி வந்தது. அட்டை ஓட்டையாயிற்று. ஓட்டைக்குள் மேசைப் பலகை. பலகையிலும் அந்த வரி.

அட்டையோடு டாக்டரிடம் போய் நின்றாள். "ஐயா, நான்தான் எழுதினேன். பொய்."

அவர் ஓட்டையை நிதானமாகப் படித்தார். "அழகான கையெழுத்து. என் கணிப்பு தப்பாப் போச்சு, ஒத்துக்கறேன். அக்கா வீட்ல நல்லா இருக்காங்களா?"

கூடத்துக்குத் திரும்பி ஓடினாள். புதிய நோயாளி ஒருத்தி, பருத்த உடம்புக்காரி, மூட்டையோடு அஃப்ராவின் கட்டிலருகே நின்றிருந்தாள். ஜிட்டா கஞ்சி மணக்கும் விரிப்பை உதறினாள். அது படுத்திருந்த அஃப்ராவின் மேல் இறங்கியது. ஓரங்களை இழுத்து இழுத்துச் செருகினாள். அடியில் ஒரு வாய் துணியை உள்ளே இழுத்தது. வெளியே விட்டது.

"தெக்லா."

ஒருவரும் திரும்பவில்லை.

"படுங்கம்மா," என்றாள் ஜிட்டா. மனமில்லாதவள் அல்ல அவள். அழும் பெண்களுக்குத் தன் பங்குச் சர்க்கரையைத் தருபவள்.

பருத்த பெண் படுத்தாள். புரண்டாள். "மெத்தை மேடா இருக்கே."

"பழகிடும்."

விரிப்பின் ஓரத்தில் ஒரு கை வெளியே நீண்டது. தெக்லா மண்டியிட்டு அதைப் பற்றிக்கொண்டாள். சூடான கை. அதுவும் பற்றியது.

ஜிட்டா குனிந்தாள். தெக்லாவின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல், பிரித்தாள். பிறகு, தொங்கும் துணியைச் சரிசெய்வதுபோல, அந்தக் கையை மடித்து மெத்தைக்கடியில் செருகினாள்.