டென்சிலும் அலறும் பெட்டியும்

டென்சிலுக்கு இரண்டரை வயது. கேட்டின் கொக்கியைத் திறக்கக் கற்றுக்கொண்டு மூன்று நாள்தான் ஆகியிருந்தது. அதற்குள் இரண்டு தடவை தெருவுக்குப் போய்விட்டான்.

இரண்டாவது தடவை அவனைத் தூக்கிக்கொண்டு வந்தவர் ஆட்டோக்காரர் கிருஷ்ணப்பா.

"ஏன்மா, பஸ் வர்ற ரோட்ல நின்னு டாட்டா காட்டுறான்! நல்லவேளை, நான் பார்த்தேன்."

அம்மா மௌரீனின் முகம் வெளுத்துவிட்டது. அவர் வீட்டிலேயே துணி தைப்பவர். தையல் மெஷின் ஓடும்போது கேட் திறக்கும் சத்தம் காதில் விழாது.

"பூட்டு போட்டுடலாமா மம்மி?" என்று கேட்டாள் நோரா. அவள் டென்சிலின் அக்கா, ஐந்தாம் வகுப்பு.

"துணி கொடுக்க ஆள் வந்துட்டே இருக்காங்களே! ஒவ்வொரு தடவையும் சாவியோட ஓட முடியுமா?"

நோரா வாசல் கதவுக்கு மேலே பார்த்தாள். அங்கே ஒரு பழைய மஞ்சள் பெட்டி இருந்தது. விவேக் நகரில் இருந்த அந்த வீட்டில் முன்பு குடியிருந்தவர்கள், திருடனுக்குப் பயந்து மாட்டிய அலாரம். கதவைத் திறந்தால் கத்துமாம். இப்போது அதற்குள் ஒரு பல்லிதான் குடியிருந்தது.

சனிக்கிழமை அப்பா ஃபிராங்க்ளின் அதைக் கழற்றித் தந்தார். பல்லி குதித்து ஓடியது. உள்ளே பாட்டரிகள் கசிந்து, தகடுகளில் பச்சை பூத்திருந்தது. நோரா உப்புத்தாளால் தேய்த்தாள். நான்கு டார்ச் பாட்டரிகளைப் போட்டாள்.

"வீஈஈஈ!"

டென்சில் கைதட்டினான். பெட்டியோ நிற்கவே இல்லை. அதன் ஒயரில் ஒரு சின்ன வெள்ளை ஸ்விட்ச் தொங்கியது. அதற்கு ஜோடியாகக் கதவில் இருந்த துண்டு எப்போதோ தொலைந்துவிட்டது.

"நிறுத்துடி, காதே போயிடும்!" என்று அம்மா கத்தினார்.

பதற்றத்தில் நோரா ஸ்விட்ச்சை மேசைமேல் போட்டாள். அது அவளுடைய பென்சில் பாக்ஸ்மேல் விழுந்தது. சத்தம் நின்றது!

எடுத்தாள். கத்தியது. வைத்தாள். நின்றது.

"டாடி! பாக்ஸ் மூடியில மேக்னட் இருக்குல்ல? அது கிட்ட இருந்தா கம்முனு இருக்கு. தள்ளிப் போனா கத்துது! மேக்னட்டைக் கேட்ல வெப்போம், ஸ்விட்ச்சைத் தூண்ல ஒட்டுவோம்."

யோசிக்காமல் பென்சில் பாக்ஸிலிருந்து காந்தத்தைப் பிய்த்து எடுத்தாள். இரும்புக் கேட்டில் அது 'டக்' என்று ஒட்டிக்கொண்டது. அப்பா ஒயரை இழுத்துப் பெட்டியை வராந்தாவில் மாட்டினார்.

டென்சில் கேட்டைத் திறந்தான். "வீஈஈஈ!" அம்மா பாய்ந்து வந்து பிடித்துவிட்டார். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம்.

டென்சிலுக்குத்தான் எல்லோரையும்விட அதிக சந்தோஷம். அன்று மாலைக்குள் பதினொரு தடவை கேட்டைத் திறந்தான். திறந்துவிட்டு அங்கேயே நின்று ஆடினான்.

பன்னிரண்டாவது தடவை பக்கத்து வீட்டு ஓஸ்வால்ட் அங்கிள் முகமெல்லாம் சோப்பு நுரையோடு வெளியே வந்தார்.

"நோரா! ஷேவ் பண்ணிட்டு இருந்தேன். திடீர்னு அலறுச்சு. பாதி மீசை போச்சு பாரு!"

உண்மைதான். வலது பாதி மட்டுமே மிச்சமிருந்தது.

"சாரி அங்கிள்!" என்றாள் நோரா, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"கழட்டிடலாம் நோரா," என்றார் அம்மா. "இது அவனை இன்னும் கேட்டுக்குத்தான் இழுக்குது."

நோரா தம்பியைப் பார்த்தாள். அவனுக்கு இப்போது தெருகூட வேண்டாம். சத்தம்தான் வேண்டும்.

"டாடி, பெட்டியை மம்மியோட மெஷின் பக்கத்துல வெச்சா? சத்தம் இருக்கிற இடத்துக்குத்தானே அவன் வருவான்?"

அப்பா ஒயரை நீட்டினார். சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்க, நோரா பெட்டியின் வாயில் வெட்டுத்துணிகளை அடைத்தாள்.

திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்ததும் நோரா தூணுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில் ஒளிந்து நின்றாள். டென்சில் வந்தான். கொக்கியைத் தூக்கினான். கேட் திறந்தது.

வராந்தாவில் சத்தமே இல்லை. ரோட்டில் ஒரு பஸ் போனது.

டென்சில் தலையைச் சாய்த்துக் கேட்டான். வீட்டுக்குள்ளிருந்து மெதுவாக வந்தது, "வீஈஈ..."

சட்டென்று திரும்பினான். குடுகுடுவென்று உள்ளே ஓடினான். எதிரே ஓடிவந்த அம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "மம்மி, வீ! வீ!" என்று மெஷின் பக்கம் இழுத்தான். அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டார்.

நோரா கேட்டைச் சாத்தினாள். சத்தம் நின்றது.

"அக்கா, இன்னொரு வாட்டி!" என்று உள்ளேயிருந்து டென்சில் கத்தினான். அம்மா விழுந்து விழுந்து சிரிப்பது வாசல்வரை கேட்டது.