ஓராள் கூடாரம்

கூடாரத்தின் இடப்பக்கத் துணி உள்ளே குழிந்திருந்தது. முதலில் பார்த்தபோது காற்றுதான் என்று ஸ்மராந்தா நினைத்தாள். பிறகுதான் காற்றே இல்லை என்பது உறைத்தது. மதியம் மலைமேல் வந்து உட்கார்ந்த மூடுபனி ஒரு புல்லைக்கூட அசைய விடவில்லை. துணியின் உள்பக்கம் பூத்திருந்த நீர்த்துளிகள் வைத்தது வைத்தபடி நின்றன. அந்த ஓர் இடத்தில் மட்டும், உட்கார்ந்திருந்த அவளுடைய தோளுக்கு நேராக, வெளியிலிருந்து யாரோ மெல்லச் சாய்ந்ததுபோல ஒரு பள்ளம்.

தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள். பள்ளம் மெதுவாக நிமிர்ந்தது. துளிகள் உடைந்து கோடு கோடாக வழிந்தன. நனைந்த துணி தொய்யும் என்று கடையில் சொல்லியிருந்தார்கள். அந்த வார்த்தையை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

கூடாரம் வாங்கப் போனபோது தம்பி ஷெர்பானும் கூட வந்திருந்தான். கல்யாணமான நாளிலிருந்து மலைக்குப் போகும்போதெல்லாம் கூடாரத்தைச் சுமந்தவன் அவள் கணவன் லிவியு. இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். விவாகரத்தின்போது அது அவனோடு போனது, அவளும் கேட்கவில்லை. எப்போதோ முறிந்து ஒட்டிய தோளெலும்பு அவளுக்குக் கனம் தாங்காது. எடை இருக்கக் கூடாது. பல் செட் செய்யும் கூடத்தில் அவள் வாங்கும் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகவும் வேண்டும். ப்ராஷோவ் நகர ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருந்த சின்னக் கடையில், கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் போட்டாள்.

"இது வெறும் மேல்விரிப்பு. ரெண்டு மரத்துக்கு நடுவுல கட்டிக்கலாம். இருக்கறதுலயே விலை கம்மி. ஆனா நீங்க போற உயரத்துல மரம் ஏது?"

"நாலு பக்கமும் திறந்து கிடக்குது," என்றான் ஷெர்பான். "கரடி வந்து நலம் விசாரிச்சிட்டுப் போகும்."

"அப்ப இந்த உறை. உள்ள பூந்து ஜிப்பைப் போட்டுக்கணும், அவ்வளவுதான். ரெண்டு நாள் மழை விடலைன்னா எந்திரிச்சு உக்காரக்கூட முடியாது. அதைச் சொல்லிடறேன்."

மூன்றாவதை அவள் ஒரு கையால் தூக்கி ஸ்மராந்தாவின் உள்ளங்கையில் வைத்தாள். சுருட்டினால் ஒரு ரொட்டி அளவுதான்.

"ஒத்தைச் சுவர்க் கூடாரம். கம்பி கிடையாது, நீங்க ஊனிக்கிட்டு நடக்கிற தடியையே நடுவுல நிறுத்திக்கணும். அதனாலதான் எடை இல்ல. உள்ள வேர்க்கும். நனைஞ்சா தொய்யும், அப்பப்ப இழுத்துக் கட்டணும். அதைப் பொறுத்துக்கிட்டா இந்த விலைக்கு இதைவிட நல்லது கிடைக்காது."

ஸ்மராந்தா கடைக்குள்ளேயே அதை விரித்து உள்ளே படுத்துப் பார்த்தாள். உச்சந்தலையிலும் பாதத்திலும் துணி உரசியது.

"அக்கா, நீ தும்மினா கால் வெளிய வந்துரும்," என்றான் ஷெர்பான். "ரெண்டு ஆளுக்கானதையே எடு. மழையில எவனாச்சும் வந்து இடம் கேட்டா என்ன பண்ணுவ?"

"இடம் இல்லன்னு சொல்லத்தான்டா இதை வாங்குறேன்."

கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள்.

அந்தச் சிரிப்பை நினைத்தபடி ஸ்மராந்தா இப்போது கூடாரத்துக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மலைமுகட்டுக்கு அப்பால் இருந்த தங்கும் குடிலுக்கு மாலைக்குள் போய்விடலாம் என்றுதான் கிளம்பினாள். பனி பாதையை விழுங்கிவிட்டது. கால் வைக்கும் இடம் தெரியாமல் போனதும், பாழடைந்த ஆட்டுப்பட்டிச் சுவரின் ஓரமாகக் கூடாரத்தை அடித்துவிட்டாள். நல்ல முடிவு. லிவியுவாக இருந்தால் பிடிவாதமாக நடந்திருப்பான். அடுப்பைப் பற்றவைத்தபோது கீழே எங்கோ மந்தை நாய்கள் குலைத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஆள் இருக்கிறார்கள் என்ற நிம்மதியில், உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பைத் துண்டு போட்டு வெங்காயத்தோடு தின்றாள். எப்போது குலைப்பு நின்றது? நினைவில்லை. ஒவ்வொன்றாக அடங்கியதா, ஒரே வீச்சில் அறுந்ததா? ஒரே வீச்சில்தான் என்று இப்போது தோன்றியது.

வெளிச்சம் இன்னும் இருந்தது. ஆனால் அது எந்தப் பக்கத்திலிருந்தும் வராத வெளிச்சம், நிழல் விழாத வெளிச்சம். துணிக்கு அப்பால் ஒரு யானை நின்றாலும் இங்கே தெரியாது. நனைந்த ஆட்டுரோமத்தின் வாடை வந்தது. அதோடு இன்னொன்றும். துருப்பிடித்த குழாயில் காலையில் முதலில் வரும் தண்ணீரின் வாடை.

துணி மறுபடி குழிந்தது. இந்த முறை வலப்பக்கம்.

தோள் அல்ல. நெற்றி. யாரோ நெற்றியைத் துணியில் பதித்துவிட்டு அப்படியே இருந்தார்கள். மூக்கால் மூச்சு விடும் சத்தம் கேட்டது. வேகமான, அடைபட்ட மூச்சு. கரடி இவ்வளவு பதவிசாக வராது. கரடி என்றால் எப்போதோ துணியைக் கிழித்திருக்கும்.

"யாரது?"

மூச்சு நின்றது.

"யாருன்னு கேக்குறேன். எங்கிட்ட கத்தி இருக்கு."

பள்ளம் துணியோடு நகர்ந்தது. தலைமாட்டைச் சுற்றி, மெல்ல, வாசல் பக்கமாக. ஜிப்புக்குக் கீழே, துணிக்கும் புல்லுக்கும் இடையே இருந்த சந்தில் விரல்கள் நுழைந்தன. தடித்த விரல்கள். நகங்களில் கறுப்பாக ஏதோ காய்ந்திருந்தது.

அவள் கத்தினாள். அடிவயிற்றிலிருந்து கத்தினாள். மலை அதை வாங்கிக்கொண்டு ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பியது. விரல்கள் பதறின. வெளியே போயின. மறுகணம் ஒரு முழு உள்ளங்கை அவள் முகத்துக்கு நேராகத் துணியில் அழுந்தியது. அழுந்தி, இப்படியும் அப்படியும் ஆடியது. அவளைத் தேடித் துழாவுகிறது என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

கொழுப்பு வெட்டிய கத்தி கையருகே இருந்தது. குத்தினாள். துணி கிழிந்தது, பிறகு கெட்டியான ஏதோ ஒன்றுக்குள் கத்தி இறங்கியது. பிடுங்கினாள். சற்றுக் கீழே மறுபடி குத்தினாள். இந்த முறை கைப்பிடிவரை போனது. கிழிசல் வழியாக ரத்தம் உள்ளே வடிந்து, நீர்த்துளிகளோடு கலந்து, இளஞ்சிவப்பாக அவள் படுக்கைமேல் சொட்டியது.

வெளியே அலறல் இல்லை. முனகல்கூட இல்லை. இரண்டு குத்து வாங்கிக்கொண்டு எது சத்தம் போடாமல் இருக்கும்?

கனமாக ஒன்று சரிந்து விழுந்தது.

ஜிப்பைத் திறந்தாள். புல்லில் ஒரு மனிதன் கிடந்தான். ஐம்பது வயதிருக்கும். ஆட்டுத்தோல் மேலங்கி போட்ட இடையன். விலாவைப் பொத்திய கையின் இடுக்கெல்லாம் ரத்தம். அவன் வாய் பிளந்திருந்தது. வாய்க்குள் அவனுடைய சொந்தக் கம்பளிக் குல்லாய் திணிக்கப்பட்டிருந்தது. தானே திணித்துக்கொண்டது. பல் அதைக் கவ்விக் கடித்திருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

அவன் குல்லாயைக் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு பேசினான். பேச்சு அல்ல, வெறும் காற்று.

"கத்தாதீங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும். கத்தாதீங்கம்மா."

"நான்... தெரியாம..."

"பரவால்ல. மெதுவா. சத்தம் கேட்டா வருது."

"எது வருது?"

அவன் தலையை ஆட்டினான். தெரியாது என்றா, சொல்லமாட்டேன் என்றா, விளங்கவில்லை.

"கீழ என் தம்பி இலாரி கத்தினான். நாயெல்லாம் குலைச்சுது. இப்ப இலாரியும் இல்ல, நாயும் இல்ல. நான் மட்டும் கத்தல." அவன் அவளுக்குப் பின்னால் இருந்த குறுகிய இடத்தைப் பார்த்தான். "உள்ள விடுங்க தாயி. ஓரமாக் கிடக்குறேன். மூச்சுகூட விடமாட்டேன்."

சரிவின் கீழே ஒரு கல் புரண்டது.

அவன் குல்லாயை மறுபடி வாய்க்குள் திணித்துக்கொண்டான்.

ஸ்மராந்தா அவன் அக்குளில் கைகொடுத்து இழுத்தாள். பழைய எலும்பு தோளுக்குள் தீயாக எரிந்தது. தலை உள்ளே வந்தது. மார்பு வந்தது. அவள் பின்னால் நகர நகர, முதுகு கடைசித் துணியில் இடித்தது. அதற்கு மேல் இடம் இல்லை. இடுப்புக்குக் கீழே அவன் இன்னும் வெளியே, பனியில் கிடந்தான். முழங்காலை மடக்கச் சொல்லிச் சைகை காட்டினாள். அவன் மடக்க முயன்றான். குத்துப்பட்ட விலா விடவில்லை.

இன்னொரு கல். கிட்டத்தில்.

பிறகு எதுவுமில்லை. புல்லில் அடி வைக்கும் ஓசை இல்லை. மூச்சு இல்லை. துருவாடை மட்டும் திடீரென்று தொண்டைவரை நிறைந்தது.

அவன் உடம்பு ஒரு சாண் பின்னுக்குப் போனது.

அவன் போகவில்லை. இழுபட்டான்.

அவள் பிடித்துக்கொண்டாள். அவன் விரல்கள் அவள் சட்டையில் கொக்கியாக மாட்டின. இழுத்தாள். அதுவும் இழுத்தது. அவசரமில்லாமல், ஒரே சீராக. அவன் கழுத்து நரம்புகள் கயிறாகப் புடைத்தன. கண் பிதுங்கியது. குல்லாயைக் கடித்த பல் ஒன்று உடையும் சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை. ஈரத் துணியைக் கிழிப்பதுபோல வெளியே ஏதோ கிழிந்தது. நீளமாகக் கிழிந்தது.

அப்புறம் அவன் இலேசாக உள்ளே வந்தான்.

மிக இலேசாக.

முழுவதும் வந்தான். இடம் போதுமாக இருந்தது. அவள் அவன் இடுப்புக்குக் கீழே பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

அவள் வாய் திறந்தது. சத்தம் கிளம்புவதற்கு முன் அவன் கை எழும்பி அதைப் பொத்தியது. ரத்தமும் ஆட்டு வாடையும் அடித்த, பலமான கை. அவன் கண்கள் அவள் கண்களைப் பார்த்துக் கெஞ்சின. வேண்டாம். வேண்டாம். பிறகு அவை எதையும் கேட்கவில்லை. கை மட்டும் அப்படியே இருந்தது. விலக்கப் பயமாக இருந்தது. அதற்குப் பின்னால்தான் அவள் அலறல் நின்றுகொண்டிருந்தது.

கால்மாட்டு மூலையில் சின்னதாக ஓர் ஓசை. ஈர மண்ணிலிருந்து கூடார முளை ஒன்று வெளியே வரும் ஓசை. அடுத்த மூலை. பிடுங்கவில்லை. பதமாக உருவியது அது.

சுவர் தளர்ந்தது. நடுத்தடி சாய்ந்தது. துணி இறங்கியது. குளிர்ந்து, நனைந்து, தலைமேல், நெற்றிமேல், கண்மேல். அவள் அசையவில்லை. மூக்கால் மட்டும் மூச்சு. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

எடை ஏதும் மேலே விழவில்லை. விரல் படவில்லை. அவள் முகத்தில் ஒட்டியிருந்த துணி மட்டும் மெல்ல மேலெழும்பியது. யாரும் தூக்கவில்லை. மறுபக்கத்திலிருந்து மூச்சு அதை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நீண்ட, பொறுமையான மூச்சு. துணி ஒரு வாயின் வடிவத்துக்குக் குழிந்து போனது.

அந்த வாய் அவள் நெற்றிக்கு மேலே தொடங்கி, மோவாயைத் தாண்டியும் திறந்திருந்தது.